அப்பாவின் மோட்டாரும் என் முனைவர் பட்டமும்

(உயர்கல்வி வழிகாட்டுதல் நிகழ்ச்சி ஒன்றில், மின் மற்றும் மின்னணுப் பொறியியலில் பகுதிநேரமாக முனைவர் பட்டம் பெற்ற உதவிப் பேராசிரியை ஒருவர் இறுதியாண்டு மாணவர்களிடமும் பெற்றோரிடமும் பேசியதன் எழுத்து வடிவம்.)



இங்கே கூப்பிட்டவர்கள் என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்கள். "மேடம், பி.எச்டி. பண்றது எப்படின்னு பசங்களுக்குச் சொல்லுங்க." விண்ணப்பம் எப்படிப் போடுவது, எவ்வளவு உதவித்தொகை, என்ன விதிமுறை என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கிற போனிலேயே கிடைக்கும். எங்கே தேட வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். ஆனால் போனில் கிடைக்காத ஒன்று இருக்கிறது. அது எனக்குப் புரிய எட்டு வருஷம் ஆனது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா கேட்ட கேள்வி

எங்களுடையது விவசாயக் குடும்பம். டிரான்ஸ்பார்மரில் இருந்து வயலுக்குள் போகும் கம்பியில் கடைசி சர்வீஸ் எங்கள் கிணறுதான். ஐந்து குதிரைத்திறன் மோட்டார். கோடையில் எல்லாக் கிணற்றிலும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால், எங்களிடம் வந்து சேரும்போது வோல்டேஜ் இறங்கிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது காயில் எரியும். மோட்டாரைத் தூக்கி டவுனுக்குக் கொண்டுபோய், காயில் கட்டி, திரும்பக் கொண்டுவந்து மாட்டுவதற்குள் நாலைந்து நாள் போய்விடும். அதற்குள் பயிர் தலை சாய்ந்திருக்கும்.

நான் பி.இ. இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா கேட்டார்: "ஏம்மா, கரெண்டு கம்மியா வந்தா மோட்டார் மெதுவாத்தானே ஓடணும்? ஏன் எரியுது? நீ படிக்கிற படிப்புல இதுக்குப் பதில் இருக்கா?"

இருந்தது. தண்ணீர் இறைக்கும் மோட்டார், வோல்டேஜ் குறைந்தாலும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஓடப் பார்க்கும். அதே வேலையைக் குறைந்த வோல்டேஜில் செய்ய வேண்டுமானால் அதிக ஆம்பியர் இழுத்தாக வேண்டும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 11 சதவீதம் கூடும். காயில் சூடாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் சூடு 23 சதவீதம் போலக் கூடிவிடும். இப்படியே தினமும் சூடேறினால், கம்பி மேலே பூசியிருக்கும் காப்புப் பூச்சு கருகி, ஒருநாள் புகை வரும்.

அப்பா கேட்டுவிட்டு, "அப்போ கோளாறு மோட்டார்ல இல்ல, கம்பியிலன்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான், சரியாகப் பிடித்துவிட்டார்.

2015-ல் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தேன். அப்போது நான் தனியார் பொறியியல் கல்லூரியில் ஆசிரியை. நேர்காணலில், "கடைசிக் கம்பத்தில் ஏன் வோல்டேஜ் குறைகிறது என்று ஆராயப் போகிறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். எதிரே இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் சிரித்தபடியே கேட்டார்: "பதில் உங்க பி.இ. புத்தகத்திலேயே இருக்கேம்மா. தடிமனான கம்பி போடணும், இல்லன்னா டிரான்ஸ்பார்மரைப் பக்கத்துல கொண்டுவந்து வைக்கணும். இதுல யாருக்கும் தெரியாதது எது?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆனாலும் இடம் கிடைத்தது. அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டேன். பிரச்சினை வேறு, ஆராய்ச்சிக் கேள்வி வேறு. நம் ஊரில் தீராமல் இருக்கும் பிரச்சினைக்குப் பதில் ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கலாம். அதைச் செய்து முடிக்க வேண்டியது நிர்வாகமும் பணமும். புத்தகத்திலும் பதில் இல்லை, யாரைக் கேட்டாலும் தெரியவில்லை என்றால்தான் அது ஆராய்ச்சிக் கேள்வி. பி.எச்டி. சேரும் பலருக்கும் முதல் வருஷம் இந்த வித்தியாசம் புரிவதிலேயே போய்விடுகிறது. எனக்கு இரண்டு வருஷம் போனது.

தெருவில் கிடைத்த கேள்வி

கேள்வி கடைசியில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவிலேயே கிடைத்தது. அங்கே ஐந்து வீட்டு மாடியில் சோலார் தகடு போட்டிருந்தார்கள். ஒரு நாள் எதிர்வீட்டுக்காரர் கேட்டார்: "மேடம், வெயில் நல்லா அடிக்கிற நேரத்துலதான் இந்த இன்வெர்ட்டர் நின்னு நின்னு போகுது. சாயங்காலமானா வீட்ல லோ வோல்டேஜ். இது என்ன கூத்து?"

கூத்து இல்லை, அதே கம்பிதான். சாயங்காலம் எல்லா வீடும் கரெண்ட் இழுக்கும். டிரான்ஸ்பார்மரில் இருந்து கடைசி வீடு நோக்கிப் போகப் போக வோல்டேஜ் இறங்கும். நண்பகலில் வீட்டில் செலவு குறைவு, மாடியில் உற்பத்தி அதிகம். கரெண்ட் திரும்பி டிரான்ஸ்பார்மரை நோக்கிப் பாயும். அப்போது கடைசி வீட்டில் வோல்டேஜ் ஏறும். அளவுக்கு மேல் ஏறினால், பாதுகாப்புக்காக இன்வெர்ட்டர் தானாகவே இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். டிரான்ஸ்பார்மரில் 'டேப்' என்று ஒன்று இருக்கிறது. அதை மாற்றி வோல்டேஜைக் கூட்டலாம், குறைக்கலாம். சாயங்காலத்துக்காகக் கூட்டி வைத்தால் நண்பகலில் நிலைமை மோசமாகும். நண்பகலுக்காகக் குறைத்தால் சாயங்காலம் விளக்கு மங்கும்.

இதற்கு உலகம் முழுக்கப் பலர் வழி தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கட்டுரைகளைப் படிக்கப் படிக்க, பெரிய கேள்விக்குள்ளே ஒளிந்திருந்த ஒரு சின்னக் கேள்வி கண்ணில் பட்டது. தெருவில் வருவது மூன்று ஃபேஸ். சாதாரண வீட்டுக்கு அதில் ஒன்றுதான் போகும். ஐந்து சோலார் வீட்டில் நான்கு ஒரே ஃபேஸில் இருந்தால், அந்த ஒரு ஃபேஸில் மட்டும் வோல்டேஜ் எகிறும். இரண்டு வீட்டை வேறு ஃபேஸுக்கு மாற்றினாலே பாதித் தொல்லை தீரலாம். செலவும் அதிகமில்லை. ஆனால் எந்த வீடு எந்த ஃபேஸில் இருக்கிறது? கம்பத்தில் ஏறி ஒவ்வொரு சர்வீஸ் வயராகப் பார்த்தால் தெரியும். அந்தப் பட்டியல் ஒரு தாளில் இருந்தாலும், நாளாக ஆக மாறிப்போயிருக்கும்.

இதுதான் என் கேள்வி: கம்பத்தில் ஏறாமல், வீட்டுக்குள்ளே அளக்கும் வோல்டேஜை மட்டும் வைத்து, அந்த வீடு எந்த ஃபேஸில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

ஒரே கொடியில் காயும் துணிகளைப் பாருங்கள். ஒரு துணியை இழுத்தால் அந்தக் கொடியில் இருக்கிற எல்லாத் துணியும் ஆடும், பக்கத்துக் கொடியில் இருப்பது அவ்வளவாக ஆடாது. அதுபோல ஒரே ஃபேஸில் இருக்கும் வீடுகளில் வோல்டேஜ் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். எதெல்லாம் சேர்ந்து ஆடுகிறது என்று கணக்குப் போட்டால் கூட்டம் பிரிந்துவிடும். ஸ்மார்ட் மீட்டர் உள்ள நாடுகளில் இதைச் செய்து பார்த்திருந்தார்கள். நம் தெரு மாதிரி இடத்தில், மலிவான கருவியை வைத்து, அடிக்கடி கரெண்ட் போய் வரும் சூழலில் இது நடக்குமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

24 வீடுகள், 11 நிமிடங்கள்

என் மாணவர்களும் நானும் சேர்ந்து சின்ன அளவுக் கருவிகள் செய்தோம். பிளக்கில் மாட்டினால் நிமிடத்துக்கு ஒருமுறை வோல்டேஜைப் பதிவு செய்யும். கரெண்ட் போனாலும் உள்ளே கடிகாரம் பேட்டரியில் ஓடும். பிறகு வீடு வீடாகப் போனோம். "மீட்டர்ல ஏதாச்சும் பண்ணிடுவீங்களா?" "பில்லு ஏறுமா?" என்று எல்லாரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே? ஒரு பாட்டி மட்டும், "கண்ணு, உனக்குப் படிப்புக்கு ஆகும்னா மாட்டிக்கோ. ஃபிரிட்ஜ் பிளக்கை மட்டும் எடுத்துடாத" என்றார். மொத்தம் 24 வீடு. 2019 பிப்ரவரியில் ஆரம்பித்து மே வரை அளந்தோம்.

கணினியில் போட்டால் மூன்று கூட்டமாக அழகாகப் பிரிந்தது. கட்டுரை எழுதி ஒரு கருத்தரங்குக்கு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். கட்டணமும் கட்டிவிட்டேன். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

மே மாதக் கடைசியில் ஒரு ராத்திரி கோடை மழை, காற்று. தெரு முழுக்கக் கரெண்ட் போய்விட்டது. கருவிகளைக் கழற்றிய பிறகு அந்த ராத்திரியின் பதிவைச் சும்மா பார்த்தேன். தெருவுக்கே ஒரே நொடியில் போன கரெண்ட், ஒரு வீட்டுக் கருவியில் 9.14-க்குப் போனதாக இருந்தது. இன்னொரு வீட்டில் 9.25. பதினோரு நிமிட வித்தியாசம்.

மலிவான கடிகாரம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வினாடி ஒன்று முந்தும், இன்னொன்று பிந்தும். மூன்று மாதத்தில் அது நிமிடக் கணக்காக வளர்ந்திருந்தது. எது எதோடு சேர்ந்து ஆடுகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சியில், நேரமே தப்பு என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? அழகாகப் பிரிந்த கூட்டத்தில் எது உண்மை, எது தற்செயல் என்று எனக்கே தெரியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அந்த ஒரு ராத்திரியின் பதிவை மட்டும் அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. தோன்றியது மட்டுமில்லை, ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு மூன்று வயது. காலையில் கல்லூரி, சாயங்காலம் சமையல், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஆராய்ச்சி. "இன்னும் எத்தனை வருஷம்மா?" என்று அத்தை கேட்பார். கோபத்தில் கேட்கவில்லை, அக்கறையில்தான் கேட்டார். அதனாலேயே பதில் சொல்ல முடியவில்லை. வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆய்வேட்டுல கையெழுத்து உங்களுது. நீங்களே யோசிச்சு முடிவு பண்ணுங்க" என்றார்.

அந்த வாரம்தான் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. கட்டுரை, ஆய்வேடு எல்லாம் முடித்துத் தரப்படும் என்று. உங்களுக்கும் வந்திருக்கும், இல்லை இனிமேல் வரும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். "தலைப்பு மட்டும் அனுப்புங்க மேடம். டேட்டா எல்லாம் நாங்களே போட்டுக்கிறோம்."

டேட்டா நாங்களே போட்டுக்கிறோம்! 24 வீட்டு வாசலில் நின்று, பில் ஏறாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி, ஃபிரிட்ஜ் பிளக்குக்குப் பக்கத்தில் மாட்டி எடுத்த எண்களை, எங்கேயோ உட்கார்ந்து ஒருவர் 'போட்டுக்கொள்வார்'. போனை வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் எங்கள் பகுதி லைன்மேனைப் பார்க்கப் போனேன். விஷயத்தை அரைகுறையாகச் சொன்னேன். பட்டியலில் ஒன்றிரண்டு வீடு தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்னது: "டெஸ்ட் பண்ணாம கம்பியில கை வைக்க மாட்டோம் மேடம். ஆனா நீங்க பெரிய படிப்புப் படிச்சவங்க, எழுதிக் குடுத்தா அதை நம்பத்தான் தோணும். ஏறுறது நாங்கதானே?"

வீட்டுக்கு வந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக மின்னஞ்சல் அனுப்பினேன். கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

மின்வெட்டே மணியானது

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் எதுவும் நகரவில்லை. ஒருநாள் வீட்டில் கரெண்ட் போனது. இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் "போச்சு" என்று குரல் கேட்டது. அப்போதுதான் உறைத்தது. கரெண்ட் போவது தெருவுக்கே அடிக்கிற பள்ளிக்கூட மணி. எல்லாக் கருவிக்கும் அது ஒரே நொடியில்தான் கேட்டிருக்கும். என் கடிகாரங்கள் தப்பு என்று காட்டிக்கொடுத்ததே மின்வெட்டுதான். அதை வைத்தே கடிகாரங்களைச் சரிசெய்ய முடியாதா?

பிப்ரவரியில் இருந்து மே வரை எத்தனை தடவை கரெண்ட் போனது என்று தேடினேன். ஒவ்வொரு மின்வெட்டிலும் எல்லாக் கருவியின் நேரத்தையும் ஒன்றாகக் கட்டினேன். இரண்டு மின்வெட்டுக்கு நடுவில் கடிகாரம் ஒரே சீராக முந்தியது அல்லது பிந்தியது என்று எடுத்துக்கொண்டு நேரத்தைத் திருத்தினேன். மறுபடி கணக்குப் போட்டால், முன்பு போட்ட பட்டியலில் மூன்று வீடு கூட்டம் மாறிவிட்டது. அதாவது, நான் அனுப்பியிருந்த கட்டுரையில் மூன்று வீடு தப்பு.

ஊரடங்கு முடிந்தபின் உரிய அனுமதி வாங்கி, லைன்மேன்கள் கம்பத்தில் ஏறிச் சரிபார்த்தார்கள். 24-ல் 22 பொருந்தியது. இரண்டு பொருந்தவில்லை. மனசு விழுந்துவிட்டது. கீழே இறங்கிய லைன்மேன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்த ரெண்டு வீடு மேடம்?" என்றார். சொன்னேன். "அட, அது ரெண்டும் அந்த வருஷம் ஏப்ரல்ல ஒரு ஃபேஸ் போனப்போ நான்தான் பக்கத்து ஃபேஸ்ல மாத்திக் குடுத்தேன். அப்படியே விட்டுட்டோம்."

ஓடிப்போய்ப் பதிவைப் பார்த்தேன். அந்த இரண்டு வீடும் ஏப்ரலுக்கு முன்னால் ஒரு கூட்டத்தோடு ஆடியிருக்கின்றன, ஏப்ரலுக்குப் பின்னால் வேறு கூட்டத்தோடு. வீடு எந்த ஃபேஸில் இருக்கிறது என்பதோடு, எந்த நாளில் மாறியது என்பதையும் சொல்லலாம் என்று ஆகிவிட்டது. ஆய்வேட்டில் அது ஒரு தனி அத்தியாயம். 2023-ல் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அதிக நேரம் கேள்வி கேட்டது அந்த அத்தியாயத்தில்தான். அந்த ராத்திரியை நான் அழித்திருந்தால் அந்த அத்தியாயமும் இருந்திருக்காது.

போனில் கிடைக்காத ஒன்று என்றேனே, அது இதுதான். முனைவர் பட்டம் என்பது நிறையத் தெரிந்திருப்பதற்கான பட்டம் இல்லை. "இதை நான் அளந்தேன், இப்படித்தான் வந்தது, இந்த இடத்தில் தவறினேன்" என்று தைரியமாகச் சொல்லத் தெரிந்ததற்கான பட்டம்.

நமக்கு முன்னால் போனவர்

பெண் பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு பெயரைச் சொல்ல வேண்டும்: அ. லலிதா. 1919-ல் சென்னையில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கணவரை இழந்தார். கையில் நான்கு மாதக் குழந்தை. கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து மின் பொறியியல் படித்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானார். கல்கத்தாவில் ஒரு பெரிய நிறுவனத்தில் மின்பாதைகளையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைக்கும் வேலை பார்த்தார். பக்ரா நங்கல் அணையின் மின்சாரத்தைக் கொண்டுபோகும் பணியிலும் அவர் பங்கு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டில் கலந்துகொண்டார். நேரமில்லை, குழந்தை இருக்கிறது என்று எனக்குச் சலிப்பு வரும்போதெல்லாம் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

போனை எடுத்துக்கொள்ளுங்கள்

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

1. தகுதி: யூ.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீதம் வேண்டும். நான்கு வருட இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். பட்டியலினத்தவர், பழங்குடியினர், வருமான வரம்புக்கு உட்பட்ட பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. நீங்கள் சேரும் பல்கலைக்கழகம் கூடுதல் விதி வைத்திருக்கலாம். அதன் இணையதளத்தைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

2. காலம்: குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருடம் வரை கிடைக்கலாம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் 2 வருடத் தளர்வு உண்டு. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காகப் பெண்களுக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. இது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

3. பகுதிநேரம்: வேலை பார்த்துக்கொண்டே செய்யலாம். வேலை தரும் நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். பகுதிநேரம் வேறு, இணையவழி வேறு. வெளிநாட்டுக் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து 'ஆன்லைன் பி.எச்டி.' தருவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம், அது அங்கீகரிக்கப்படாது என்று 2022 அக்டோபரிலேயே யூ.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்து எச்சரித்தன.

4. உதவித்தொகை: நம் துறைக்கு முக்கியமான தேர்வு கேட். மதிப்பெண் 3 வருடம் செல்லும். மத்திய அரசின் ஜே.ஆர்.எஃப். தொகை 2023 ஜனவரி முதல் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அடுத்து 42,000 ரூபாய். பிரதமரின் ஆராய்ச்சி உதவித்தொகை 70,000 ரூபாயில் தொடங்கும். ஆனால் போட்டி கடுமை. பகுதிநேரமாகச் செய்பவர்களுக்குப் பொதுவாக இந்தத் தொகைகள் கிடையாது. அதையும் கணக்கில் வைத்தே முடிவெடுங்கள்.

5. சான்றிதழ்கள்: சாதி, வருமானச் சான்றிதழ்களுக்குத் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்ற காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது இ-சேவை மையத்திலோ இணையத்திலோ விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று போனிலேயே பார்க்கலாம். கடைசித் தேதிக்கு முந்தின நாள் விண்ணப்பிக்காதீர்கள், விசாரணைக்கு நாள் எடுக்கும். டிஜிலாக்கரில் வழங்கப்படும் ஆவணங்கள் மூல ஆவணத்துக்கு இணையாகச் சட்டப்படி ஏற்கப்படும். உங்கள் மதிப்பெண் பட்டியல் அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

6. படிக்க: 'சோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கும். ஒரு தலைப்பை முடிவு செய்வதற்கு முன்னால் அதில் பத்து ஆய்வேடாவது புரட்டுங்கள். நீங்கள் சேர விரும்பும் வழிகாட்டியின் மாணவர்கள் எழுதியதையும் அதிலேயே தேடலாம். என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கேட்கக் கட்டணம் இல்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம். அரசு உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்தால், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைக் கட்டணமில்லாமல் படிக்கலாம். நான் ஒரு கட்டுரைக்காக நண்பர்களிடம் கெஞ்சிய காலம் அது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

7. நேர்மை: 2018 விதிமுறைப்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். எழுத்தைத் திருடினால் மென்பொருள் பிடித்துவிடும். எண்ணைத் திருத்தினால் பெரும்பாலும் பிடிக்காது. அங்கே உங்களுக்குக் காவல் நீங்கள்தான்.

கடைசியாக

பட்டம் வாங்கியதும் ஊருக்குப் போனேன். அப்பா ஆய்வேட்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தார். "இனிமே நம்ம மோட்டார் எரியாதா?" என்று கேட்டார்.

எரியவில்லைதான். ஆனால் அதற்குக் காரணம் என் ஆய்வேடு இல்லை. வயல் பக்கத்திலேயே புதிதாக ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்துவிட்டார்கள். அந்த மூத்த பேராசிரியர் சொன்ன அதே புத்தகப் பதில். வோல்டேஜ் இறங்கினால் தானே நிற்கிற மாதிரி ஸ்டார்ட்டரில் ஒரு கருவியையும் நான் மாட்டிக் கொடுத்திருந்தேன். உள்ளதைச் சொன்னேன். அப்பா சிரித்துவிட்டு, "அப்போ இது யாருக்கு?" என்று ஆய்வேட்டைக் காட்டினார்.

"இனிமே மாடியில சோலார் போடப்போற தெருவுக்குப்பா" என்றேன்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் சோலார் அமைக்கும் வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. போனிலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் தெருவிலும் ஒவ்வொரு மாடியாகத் தகடு ஏறும். அப்போது நண்பகலில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் உங்கள் வீட்டு வோல்டேஜைப் பாருங்கள். ஸ்டெபிலைசரிலேயே எண் தெரியும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம், ஏன் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதியும் நேரமும் சேர்த்து எழுதுங்கள். முக்கியமாக, கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

உங்களில் யாராவது அந்த நோட்டோடு ஒரு நேர்காணலுக்குப் போனால், "இதில் யாருக்கும் தெரியாதது எது?" என்று நிச்சயம் கேட்பார்கள். அன்றைக்கு என்னைப் போல முழிக்காமல், "இதோ, இந்த இடம்" என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.